வாதமும் வசையும்



மன்னார்த் தீவின் வடகரையில் பேசாலை என்று ஓர் ஊர் உண்டு. தோணிகள் கரையேறிய பிறகு, வலை பழுதுபார்க்கும் வாடிகளிலே முன்பெல்லாம் வானொலிப் பெட்டி ஒன்று பாடிக்கொண்டிருக்கும். இன்று அந்த இடத்தைக் கைபேசி பிடித்துக்கொண்டது. அதிலிருந்து எழும் ஒலி சில வேளை பாட்டு, சில வேளை செய்தி. பல வேளை சண்டை. பரிஸ் நகரில் அமர்ந்திருக்கும் ஒருவர் ரொறன்ரோவில் அமர்ந்திருக்கும் மற்றொருவரைப் பெயர் சொல்லி அழைத்து, 'நீர் யாருடைய பணத்தில் பேசுகிறீர்?' என்று கேட்கிறார். மறுநாள் அதற்கு மறுமொழி வருகிறது. மறுமொழிக்கு மறுமொழி அதற்கடுத்த நாள். பேசுகிற இருவரும் மன்னாரைக் கண்ணாற் கண்டு எத்தனை ஆண்டாயிற்றோ, நாமறியோம். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் மன்னாரிலேதான் இருக்கிறார்கள்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இந்தச் சண்டையே. இணையத்தில் வாயாடும் எவருடைய பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. சொன்னால், அடுத்த காணொளி என்னைப் பற்றியதாகிவிடும். அந்தப் பெருமை எனக்கு வேண்டாம்.

மாற்று ஊடகம் என்ற பெயர் நம்மிடையே வெறும் வேடிக்கையாக வந்ததன்று. போர் நடந்த ஆண்டுகளில் வன்னியிலும் மன்னார்ப் பெருநிலத்திலும் நடந்தவற்றைப் பெரும் பத்திரிகைகள் எழுத இயலாத காலம் இருந்தது. எழுதத் துணியாத காலமும் இருந்தது. அந்த வெற்றிடத்தில் 1997-ஆம் ஆண்டில் தமிழ்நெற் என்னும் இணையதளம் தோன்றியது. அதன் ஆசிரியராக விளங்கிய தராகி சிவராம் 2005-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். அவர் எழுதியவற்றோடு உடன்படாதவர்கள் பலர். ஆனால், அவர் எழுத்துக்குக் கொடுத்த விலை எத்தகையது என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. இவ்வாறு உயிரைப் பணயம் வைத்து நடந்த ஒரு தொழிலின் பெயரைத்தான் இன்று யூடியூபிலும் முகநூலிலும் நேரலை நடத்துவோர் தம் நெற்றியில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் நல்ல செய்தியாளர்கள் இல்லாமலில்லை. கச்சேரிப் படி ஏறிக் கோப்பைப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்களை நானறிவேன். அவர்களுடைய காணொளிகளைப் பார்ப்போர் சிலரே. அண்டை வீட்டுச் சண்டைக்கு மதிலேறி நின்று பார்ப்பவர் எத்தனை பேர், திண்ணையிலே நடக்கும் கணக்குப் பாடத்தைக் கேட்பவர் எத்தனை பேர்? அதே விகிதந்தான்.

எனினும், மனித இயல்பின் மீதே பழி முழுவதையும் போட்டுவிடுவது நியாயமன்று. இந்தச் சண்டைக்குப் பின்னால் ஒரு கணக்கேடு இருக்கிறது. யூடியூபில் ஓர் அலைவரிசை தொடங்கியவர் விளம்பர வருவாயிற் பங்கு பெறவேண்டுமானால், சந்தாதாரர் 1,000 பேரைச் சேர்க்கவேண்டும். ஓராண்டிற்குள் மக்கள் அவருடைய காணொளிகளை 4,000 மணி நேரம் பார்த்திருக்கவும் வேண்டும். 2018-ஆம் ஆண்டில் வந்த விதி இது. அந்த வாயிலைக் கடந்துவிட்டால், நீண்ட காணொளிகளுக்கு வரும் விளம்பரப் பணத்தில் நூற்றுக்கு 55 பங்கு அவருக்கு. எஞ்சிய 45 நிறுவனத்துக்கு. முகநூலின் கதை இன்னும் விந்தையானது. அந்நிறுவனத்தின் உள்ளேட்டுத் தாள்கள் 2021-ஆம் ஆண்டில் வெளியாயின. ஒரு பதிவுக்கு விருப்பக்குறி ஒன்று விழுந்தால் ஒரு மதிப்பென்றும், கோபக்குறி முதலான உணர்ச்சிக்குறி ஒன்று விழுந்தால் ஐந்து மதிப்பென்றும் 2017-ஆம் ஆண்டிலிருந்து அதன் பொறி கணக்கிட்டு வந்தது என்பது அவற்றால் தெரியவந்தது. மதிப்பு மிகுந்த பதிவு பலர் கண்ணிற் படும். ஆகவே, ஒருவரைச் சினமூட்டுவது அவரை மகிழ்விப்பதைக் காட்டிலும் ஐந்து மடங்கு ஆதாயம் தரும் தொழிலாகச் சில காலம் இருந்தது. பிற்பாடு கோபக்குறியின் மதிப்பைப் படிப்படியாகக் குறைத்து, 2020-இல் இல்லாமலே செய்துவிட்டார்கள். அதற்குள் நம்மவர்கள் பாடத்தைக் கற்றுத் தேர்ந்துவிட்டார்கள்.

தஞ்சைப் பக்கத்தில் லாவணி என்றொரு கலை உண்டு. சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி பாடும். எரியவில்லை என்று மற்றொரு கட்சி பாடும். விடிய விடிய ஒருவரையொருவர் மடக்குவார்கள், இகழ்வார்கள், கூட்டம் ஆர்ப்பரிக்கும். பொழுது விடிந்ததும் எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் சன்மானத்தைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்பும். ஊராருக்கு அது விளையாட்டென்று தெரியும். இணையச் சண்டையிலும் இரு கட்சிக்கும் சன்மானம் உண்டு. ஒருவர் மற்றவரைத் திட்டினால் திட்டியவருக்கும் பார்வையாளர் பெருகுகிறார்கள், திட்டப்பட்டவருக்கும் பெருகுகிறார்கள். ஆனால், இங்கே பார்ப்பவருக்கு இது விளையாட்டென்று எவரும் சொல்வதில்லை. பேசுகிறவர்களுக்கே அது விளையாட்டா வினையா என்பது ஒரு கட்டத்திற்குப் பிறகு மறந்துபோகிறது.

இதெல்லாம் கைபேசியோடு வந்த கேடு என்று சொல்லிவிட்டால் பேச்சு எளிதாக முடிந்துவிடும். நம்முடைய சொந்த வரலாறு அவ்வாறு சொல்ல விடாது. அச்சுப்பொறி கைக்கு எட்டியபோது நம்மவர் செய்ததும் ஏறக்குறைய இதுவே. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனரிமார் 1841-இல் உதயதாரகையைத் தொடங்கினார்கள். ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் தமக்கென ஓர் அச்சுக்கூடம் நிறுவினார். கத்தோலிக்கர்கள் 1876-இல் சத்தியவேத பாதுகாவலன் என்னும் பத்திரிகையை நடத்தலானார்கள். ஆக மூன்று சமயத்தாரிடமும் எழுத்துக்கோக்கும் பெட்டி இருந்தது, மை இருந்தது, ஒருவரையொருவர் மறுக்கும் ஆவலும் இருந்தது. துண்டுப் பிரசுரத்திற்குக் கண்டனம், கண்டனத்திற்கு மறுப்பு, மறுப்பிற்கு மறுகண்டனம் என்று அவை பெருகின. அன்றைய மாற்று ஊடகம் துண்டுப் பிரசுரந்தான்.

அவற்றுள் மிகப் பெரிய போர் சமயத்தார் இருவருக்கிடையே மூண்டதன்று. ஒரே சமயத்தாருக்குள்ளேயே மூண்டது. வடலூர் இராமலிங்க அடிகளின் பாடல்களைத் தொழுவூர் வேலாயுத முதலியார் 1867-ஆம் ஆண்டில் திருவருட்பா என்ற பெயரில் அச்சிட்டு, திருமுறை என்று பகுத்தும் வெளியிட்டார். அருட்பா என்றும் திருமுறை என்றும் வழங்கத் தக்கவை தேவார திருவாசகம் முதலியனவே என்பது நாவலரின் நிலை. கோயிலில் ஓதுதற்குரியது எது என்ற வினா அதனுள் அடங்கியிருந்தது. இது நல்ல வினா. இரு பக்கத்திலும் சொல்வதற்கு நியாயம் இருந்தது. ஆயினும், நூலைப் பற்றிய வினா ஓரிரு ஆண்டுக்குள் நூலாசிரியரைப் பற்றிய வினாவாயிற்று. பிறகு அதைக் கேட்டவரின் ஒழுக்கத்தைப் பற்றிய வினாவாயிற்று. 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் மானநட்ட வழக்கு வந்து நின்றது. இராமலிங்கர் மன்றத்தினுள் வந்தபோது நாவலரே எழுந்து நின்றார் என்பது ஒரு சாரார் வழங்கிய கதை. இகழ்ந்து பேசியவர் தண்டம் கட்டினார் என்பது மறுசாரார் கதை. நேரலையும் ஒளிப்பதிவும் இல்லாத காலமாதலால் இப்படி ஆயிற்று என்று நினைக்கவேண்டாம். ஒளிப்பதிவு இருக்கும் இன்றும் அவ்வாறே இரண்டு கதைகள் உலவுகின்றன. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய துண்டை வெட்டிக்கொள்கிறார்கள்.

இராமலிங்கர் 1874-இல் மறைந்தார். நாவலர் 1879-இல் மறைந்தார். போர் மறையவில்லை. மாணாக்கரும் மாணாக்கரின் மாணாக்கரும் அதைக் கையேற்றார்கள். புலோலியிற் பிறந்து சென்னையில் தமிழாசிரியராக இருந்த நா. கதிரைவேற்பிள்ளை நாவலர் பக்கம் நின்றார். கோட்டாற்றில் பிறந்த இசுலாமியப் பெரும்புலவராகிய செய்குத்தம்பிப் பாவலர் அருட்பாவின் பக்கம் நின்று மேடைதோறும் முழங்கினார். அந்தக் காட்சியின் அழகை நான் மறுக்கவில்லை. 1904-ஆம் ஆண்டில் சென்னையில் கதிரைவேற்பிள்ளைமீது வழக்கு வந்தது. ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லப் போன ஒரு மாணாக்கனால் அவ்வாண்டுப் பள்ளி இறுதித் தேர்வை எழுத இயலாது போயிற்று. அவனுடைய பள்ளிப் படிப்பு அத்தோடு நின்றது. அந்த மாணாக்கன்தான் பின்னாளில் திரு.வி.க. என்று நாடறிந்த பெரியார். அவர் தம் அறிவால் அந்த இழப்பை வென்றார். வெல்ல முடியாதவர் எத்தனை பேர் என்பதை எந்தக் கண்டன நூலும் பதிவு செய்யவில்லை. பெரியவர்களின் சண்டைக்குத் தண்டம் கட்டுகிறவன் பெரும்பாலும் ஓரத்தில் நிற்பவனே.

இந்தப் போரின் பிரசுரங்களை ஆய்வாளர் ப. சரவணன் அரிதின் முயன்று திரட்டினார். 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த அத்தொகுப்பு ஆயிரம் பக்கங்களைத் தாண்டுகிறது. அன்றைய தமிழின் வீறு அதில் தெரிகிறது, சொல்லாட்சி தெரிகிறது, இலக்கண நுட்பம்கூட வசைக்குள் ஒளிந்திருக்கிறது. படித்து முடித்து, எது அருட்பா என்ற முதல் வினாவுக்கு விடை கிடைத்ததா என்று கேட்டால், அதைத் தமிழ் மக்கள் எந்தக் கண்டனத்தையும் பாராமல் தாமே தீர்த்துக்கொண்டார்கள் என்றுதான் சொல்லவேண்டும். தேவாரமும் ஓதப்படுகிறது, அருட்பாவும் பாடப்படுகிறது.

இனி நாம் மன்னாருக்குத் திரும்புவோம். ஏனெனில், இதே நாவலரின் பேனா மன்னார்க் கரைக்கும் ஒரு காரியம் செய்தது. மஞ்சக்குப்பம் வழக்கு நடந்து மூன்றாண்டுகள் கழித்து, 1872-இல், யாழ்ப்பாணச் சமயநிலை என்ற சிறு பிரசுரத்தை அவர் எழுதினார். மாந்தையில் பாலாவியின் கரையில் ஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் காடு மூடிக் கிடக்கிறது. புதிய கோயில்களைக் கட்ட முனையும் சைவர் அதை நினைப்பதில்லை என்று அதிலே இடித்துரைத்தார். போர்த்துக்கேயர் அக்கோயிலை இடித்துக் கற்களை மன்னார்க் கோட்டைக்குக் கொண்டுபோயினர் என்பது வழிவழியாக வரும் செய்தி. நாவலர் தம் பிரசுரத்தில் எந்தத் தனியாளையும் எதிரியாக நிறுத்தவில்லை. ஆகையால் அதற்கு மறுப்பு எழுத யாருக்கும் வேலை இருக்கவில்லை போலும்! கூட்டமும் கூடவில்லை. ஆனால் சொல் கிடந்தது. 1893-ஆம் ஆண்டு இறுதியில் அந்த நிலம், 40 ஏக்கருக்கு மேற்பட்டது, அரசாங்க ஏலத்தில் 3,100 ரூபாய்க்குச் சைவர் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு காட்டை வெட்டியபோது பழைய இலிங்கம் அகப்பட்டது. 1948-இல் சேர் கந்தையா வைத்தியநாதன் முதலியோர் திருப்பணிச் சபை கண்டார்கள். 1976-இல் குடமுழுக்கு நடந்தது. எழுதியவர் அவற்றுள் ஒன்றையும் காணவில்லை.

அதே 1872-ஆம் ஆண்டில் மற்றொன்றும் நடந்தது. மடுவின் காட்டிலே இன்றுள்ள பெருங்கோயிலுக்கு யாழ்ப்பாண ஆயர் பொஞ்சீன் ஆண்டகை அடிகோலினார். பொஞ்சீன் ஆண்டகையும் லேசானவரல்லர். புரட்டஸ்தாந்தருடன் எழுத்துப் போர் நடத்தியவர். சத்தியவேத பாதுகாவலன் அவர் ஆயராக இருந்தபோது பிறந்ததே. ஆக, யாழ்ப்பாணத்தில் இரு வேறு அச்சுக்கூடங்களுக்குப் பின்னால் நின்ற இரண்டு பெரும் வாதிகள், ஒரே ஆண்டில், ஒரே மாவட்டத்தில், ஒருவர் சொல்லாலும் மற்றவர் கல்லாலும் அடித்தளம் இட்டார்கள். அவர்கள் சண்டையிட்ட தாள்களைத் தேடி நூலகத்துக்குப் போகவேண்டும். இந்த இரண்டையும் காண மன்னாருக்குப் பேருந்து ஏறினால் போதும். சிவராத்திரிக்குப் பாலாவியில் நீராட வருவோரும் ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்கு வருவோரும் ஒரே வீதியில்தான் வருகிறார்கள். எருக்கலம்பிட்டியிலிருந்து 1990-இல் வெளியேற்றப்பட்டு, ஆண்டுகள் பல கழித்து மீண்ட முஸ்லிம் மக்களும் அதே வீதியில்தான் சந்தைக்குப் போகிறார்கள்.

அந்த வீதியில் ஒரு நாள் நடந்ததை இங்கே சொல்லியாகவேண்டும். 2019-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள், சிவராத்திரிக்கு முந்தின நாள், திருக்கேதீச்சர வீதியின் முகப்பில் வைக்கப்பட்ட அலங்கார வளைவு பற்றி மாந்தையில் பூசல் எழுந்தது. வளைவு பிடுங்கி எறியப்பட்டது. செய்தது தவறு, அதைச் சொல்வதற்குத் தயங்கவேண்டியதில்லை. அதுவரையில் அது ஒரு வீதியின் தகராறு. ஊர்ப் பெரியவர்களும் குருமாரும் பொலிசும் நீதிமன்றமும் கையாளவேண்டிய தகராறு. அதைப் பிடித்த சிறு காணொளி சில மணி நேரத்தில் கடல்கடந்து போயிற்று. பிறகு, மாந்தை எந்தத் திசையில் இருக்கிறதென்று தெரியாதவர்களும் இரு சமயங்களின் காவலர்களாக வேடம் புனைந்தார்கள். சமாதானம் பேசியவருக்குக் கோழை என்ற பட்டம். நடந்தது இன்னதென்று விசாரித்தவருக்குத் துரோகி என்ற பட்டம். பேசியவர்கள் அடுத்த வாரம் அடுத்த சண்டைக்குப் போய்விட்டார்கள். மன்னார்ச் சந்தையில் ஒருவருக்கொருவர் மீன் விற்றும் அரிசி விற்றும் வாழவேண்டிய மக்கள் எங்கே போவார்கள்?

அதே மார்ச்சு மாதத்தில் இன்னொரு செய்தியும் மன்னாருக்கு வந்தது. 2018-ஆம் ஆண்டில் மன்னார் நகரில் சதொச கட்டடத்துக்கு நிலம் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதவானின் ஆணையின்படி மாதக்கணக்கில் அகழ்வு நடந்தது. 300-க்கு மேற்பட்டோரின் எச்சங்கள், சிறுவரின் எலும்புகளும் உள்ளிட்டவை, எடுக்கப்பட்டன. ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டன. அவை 1404-க்கும் 1635-க்கும் இடைப்பட்ட காலத்தவை என்று விடை வந்தது. காணாமற் போன மகனைத் தேடும் ஒரு தாய்க்கு அந்த விடை எத்தகையது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். அது ஆறுதலா, ஏமாற்றமா என்று அவளாலேயே சொல்ல முடியாது. முந்நூற்றுக்கு மேற்பட்டோரின் எச்சங்களுக்கு ஆறு மாதிரிகள் போதுமா? எலும்புகளோடு கிடைத்த பிற பொருள்கள் எதைக் காட்டுகின்றன? மண்ணடுக்கு என்ன சொல்கிறது? இவை கேட்கத் தக்க கேள்விகள். விடை காணத் தக்க கேள்விகளுங்கூட. வழக்கறிஞர்கள் அவற்றைக் கேட்டார்கள். இணையத்திலோ, அறிக்கையை ஏற்றவன் யாருக்குக் கைக்கூலி, மறுத்தவன் யாருக்குக் கைக்கூலி என்பதே பேச்சாயிற்று. மண்ணடுக்கைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்!

வாதத்தையும் வசையையும் பிரித்தறிவது எப்படி என்று கேட்பீர்களானால், மன்னாரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். 2011-ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் பற்றிய ஆணைக்குழுவின் முன்னே ஓர் எண்ணை வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 4,29,059 பேர் என்பது கச்சேரிக் கணக்கு. போர் முடிந்து அரசாங்கப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 2,82,380 பேர் என்பது மற்றொரு கணக்கு. கழித்தால் 1,46,679. இவர்கள் எங்கே என்று கேட்டார். அவ்வளவுதான். இந்தக் கேள்வியை வெறுத்தவர்கள் நிறையப் பேர். அதற்காக அவரை ஏசியவர்களும் உண்டு. ஆனால் அவர் வைத்ததில் ஒரு நேர்மை இருந்தது. முதலெண் பிழையென்றால் பிழையென்று காட்டலாம். இரண்டாமெண் குறைவென்றால் கூட்டிக் காட்டலாம். வன்னியை விட்டு வேறு வழியாகப் போனவர்கள் இத்தனை பேர் என்று பட்டியல் கொடுக்கலாம். அவரை மறுப்பதற்கான வாயிலை அவரே திறந்து வைத்தார். தம் பெயரையும் பதவியையும் அதன் கீழே எழுதினார். ஏசியவர்களை அவர் திருப்பி ஏசவில்லை. 2021-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் அவர் காலமானார். கழித்தற் கணக்கு அப்படியே இருக்கிறது.

அவ்வெண்ணுக்கு நேர்மாறானது 'நீ யாருடைய பணத்தில் பேசுகிறாய்' என்ற கேள்வி. பணம் வாங்கிப் பேசுவோர் உலகில் இல்லையா என்பீர்கள். உண்டு; அதைக் கண்டறிந்து சான்றோடு வெளியிடுவது செய்தியாளர் கடமை. ஆனால் பணம் வாங்கியவன் சொன்ன கூட்டலும் கூட்டல்தான். வாங்காதவன் சொன்ன தப்புக் கணக்கும் தப்புத்தான். இந்தக் கேள்விக்கு எந்த விடை சொன்னாலும் சண்டை முடியாது. வாங்கவில்லை என்றால் பொய்யன், மெளனமாயிருந்தால் ஒப்புக்கொண்டான். ஆகவே, முடிவில்லாத சண்டை நடத்திப் பொருளீட்ட விரும்புவோர் இந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுப்பது இயல்பே. சட்டத்தால் இதை அடக்கலாமென்று சிலர் எண்ணுகிறார்கள். 2024-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் அந்த எண்ணத்தில் பிறந்தது. எது பொய் என்று ஓர் ஆணைக்குழு தீர்ப்பளிக்கலாம் என்றால், 1,46,679 என்று கேட்ட ஆயரையும் நாளை அதன் முன்னே நிறுத்தலாமன்றோ? எனக்கு அந்த மருந்தில் நம்பிக்கை இல்லை.

இப்போது தீவின் தென்கரையில் ஒரு புதிய வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. இலங்கை மின்சார சபையின் தம்பபவனி என்னும் காற்றாலைப் பண்ணை 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. 30 கோபுரங்கள், மொத்தம் 103.5 மெகாவாட்டு. மேலும் கோபுரங்கள் நாட்டும் திட்டங்கள் வந்தன. அதானி நிறுவனம் 2025 பெப்ருவரியில் தன் திட்டத்தைக் கைவிட்டது; வேறு திட்டங்கள் நின்றபாடில்லை. அவற்றோடு கரையோர மணலில் கனியங்கள் அகழும் முயற்சியும் சேர்ந்துகொள்ள, 2025 ஆகஸ்டு மாதத்தில் மக்கள் வீதியில் இறங்கினார்கள். வேலையை ஒரு மாதம் நிறுத்திவைக்க அரசாங்கம் இணங்கியது. செப்டெம்பரில் மீண்டும் மறியல், மீண்டும் பொலிசு. மின்சாரம் நாட்டுக்கு வேண்டும், காற்று இனாம் என்பது ஒரு பக்கம். தீவு தாழ்ந்த நிலம், கோபுரங்களுக்குப் போட்ட பாதைகள் மழை நீரை மறிக்கின்றன, கரைவலைக்காரருக்கு மீன் குறைகிறது, வலசைப் பறவைகளின் வழி கெடுகிறது என்பது மறுபக்கம். வங்காலைப் பறவைச் சரணாலயம் 2010-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம். பூநாரைக் கூட்டம் இறங்கும் இடம்.

இரு பக்கத்துக்கும் தனித்தனி அலைவரிசைகள் இருக்கின்றன. யார் கொழும்பின் ஆள், யார் கும்பனியின் ஆள், யார் வெளிநாட்டுக் காசில் போராடுகிறார் என்ற பேச்சு அங்கே தொடங்கியாயிற்று. ஆனால் இந்த வழக்கில் அளக்கத் தக்கவை எத்தனையோ உள்ளன. கார்த்திகை மழையில் பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் எந்தெந்த வளவுகளில் எத்தனை அங்குல நீர் எத்தனை நாள் நின்றது. கோபுரங்கள் வருவதற்கு முன்னே எத்தனை நாள் நின்றது. பாதைகளுக்குக் கீழே மதகுகள் எத்தனை, அவற்றுள் தூர்ந்தவை எத்தனை. கரைவலைப் பாடு ஒன்றுக்கு 2019-இல் எத்தனை இழுவை, இன்று எத்தனை. இதற்குக் கருவி வேண்டாம். ஒரு கோலும் ஒரு கொப்பியும் போதும். பாடசாலைப் பிள்ளைகளே எழுதலாம். கிராம அலுவலர் கையொப்பமிடலாம். அந்தக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் காணொளியிலே பேசட்டும். அதை மறுப்பவர் தம்முடைய கொப்பியைக் கொண்டுவரட்டும். இந்த மாரிக்கு இன்னும் காலம் இருக்கிறது. மதகுகளை இப்போதே எண்ணத் தொடங்கலாம்.